ஜானவாசக் காரும் ஒரிஜினல் ரப்பரும்

நேற்று டெல்லி பஸ்ஸில் ஒரு பஞ்சாபி அம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தௌலா குவான் தாண்டி ஓர் இறக்கம். டிரைவருக்கு என்ன அவசரமோ, பஸ் பறந்தது. முன்னால் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். அவ்வளவுதான்... என் வலது கால் என்னைக் கேட்காமலே நீண்டு, எதையோ ஓங்கி மிதித்தது. மிதிபட்டது பக்கத்து சீட் அம்மாளின் பாதம்.

"க்யா கர் ரஹீ ஹோ, பெஹன்ஜி?" என்று ஆரம்பித்தவர், ஆர்.கே.புரம் வரும்வரை நிறுத்தவில்லை. நான் என்ன பதில் சொல்வேன்? இல்லாத பிரேக்கை மிதித்தேன் என்றா?

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பிரேக் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே இந்தத் தை மாசத்தில்தான் தெரிந்தது. தெரிந்த விதம்தான் சரியில்லை.

எங்கள் வீட்டில் ஒரு கார் இருப்பது இந்தப் பகுதியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — யுத்தத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த கார். துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். இரண்டு பக்கமும் நீளமான ஃபுட்போர்டு. முன்னால் வாணலி அளவுக்கு இரண்டு ஹெட்லைட். ஊரெல்லாம் புதிதாக வந்திருக்கும் குட்டிக் காருக்குப் பேர் பதிந்துவிட்டுக் காத்திருக்க, என் கணவர் மட்டும் சிவில் லைன்ஸில் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த இதைக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மத்திய சர்க்கார் மந்திராலயத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஃபைலில் ஒரு கமா தப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர். காரிலும் அப்படியே.

காஷ்மீரி கேட் கடைகளில் இந்த மாதிரிக் கார்களுக்கு எந்தப் பாகத்தைக் கேட்டாலும் செய்து கொடுத்துவிடுவார்கள். பழசைக் காட்டினால் போதும், அதே மாதிரி வார்த்துக் கொடுப்பார்கள். இவருக்கு ஆகாது. "டூப்ளிகேட்" என்று சொல்லும்போதே மூக்கு சுருங்கும். கதவுக் கைப்பிடிக்காக அம்பாலா வரை போனவர். ஒரு திருகாணியைக்கூட அதன் தலையிலிருக்கும் முத்திரையைப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் டெல்லியில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும். ஜட்ஜுகள் வந்து பானெட்டைத் திறந்து, கீழே குனிந்து, எது ஒரிஜினல், எது பின்னால் செய்தது என்று பார்த்து மார்க் போடுவார்கள். இந்த வருஷம் பரிசு வாங்கியே தீருவது என்று இவர் இருந்தார்.

ஒரே ஒரு குறை. பிரேக்.

பிரேக்கை மிதித்தால் அதிலிருக்கும் எண்ணெயைச் சக்கரம் வரை தள்ளுவதற்குச் சின்னச் சின்னதாக ரப்பர் குவளைகள் இருக்குமாம். விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் அளவுதான். காரைக் கவனித்துக்கொள்ளும் கரோல் பாக் சர்தார்ஜி, இங்கே டெல்லியில் செய்த ரப்பர்களைப் போட்டிருந்தார். கார் சொன்ன இடத்தில் நின்றது. எனக்கு அது போதும். இவருக்குப் போதவில்லை. உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு டூப்ளிகேட் இருக்கிறதே.

அப்போதுதான் லண்டன் போய்வந்த ஒரு நண்பர் அந்த டப்பாவைக் கொண்டுவந்தார். காரைச் செய்த காலத்திலேயே செய்து, சீல் வைத்து, இத்தனை வருஷம் யாரும் திறக்காத தகர டப்பா. உள்ளே மெழுகுத்தாளில் சுற்றி, கறுப்பு திராட்சை மாதிரி பளபளவென்று ரப்பர் குவளைகள். ஒவ்வொன்றின் மேலும் முத்திரை. இவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷமா ரப்பர் அப்படியே இருக்குமா?" என்று கேட்டேன்.

"சீல் உடைக்காத டப்பா. காத்தே படலை."

"போன வருஷம் அலமாரியிலேர்ந்து புது குக்கர் ரப்பரை எடுத்தேனே, ஞாபகம் இருக்கா? அதுவும் பிரிக்காத பொட்டலம்தான். மாட்டின அன்னிக்கே ஆவி பூரா வெளியிலே போச்சு."

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். குக்கரையும் அந்தக் காரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தது அவருக்குப் பொறுக்கவில்லை. சர்தார்ஜியாவது ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவரோ ஒரு குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அஸ்லி மால் ஹை, சாப்," அசல் சரக்குதான் என்று பெருமூச்சு விட்டார். அந்த முத்திரையைப் பார்த்ததும் இரண்டு பேருக்குமே வேறெதுவும் கண்ணில் படவில்லை. டெல்லி ரப்பர்கள் வெளியே வந்தன. லண்டன் ரப்பர்கள் உள்ளே போயின.

அந்த வாரக் கடைசியில் என் அண்ணா பெண் சுதாவுக்குக் கல்யாணம்.

அண்ணா ஜனக்புரியில் இருக்கிறான். ஆனால் கல்யாணத்துக்கு ஹால் கிடைத்தது எங்கள் ஆர்.கே.புரத்தில். மலைக்கோயிலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, அங்கிருந்து ஜானவாசம் — மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் — கிளம்பி, கீழே ஹாலுக்கு வந்து சேர வேண்டும். "சுதாவோட அத்திம்பேர் கார் இருக்கும்போது ஜானவாசத்துக்கு வேற கார் எதுக்கு?" என்று அண்ணா கேட்டான். இவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

ஜானவாசத்தன்று மத்தியானம் காருக்குப் பூ சுற்றும்போதுதான் பார்த்தேன். பின் சக்கரத்துக்கு அடியில், சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"ஏன்னா, இங்கே என்ன ஈரம்?"

"நேத்து பிரேக் ஆயில் ஊத்தினப்போ சிந்தியிருக்கும்."

துடைத்துவிட்டேன். குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், மறுபடியும் ஈரம். இவர் அதற்குள் சூட் போட்டுக்கொண்டு, ஹாரனின் ரப்பர் பந்தை அழுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நாலு பேர் நின்று காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

மறுபடியும் துடைத்தேன்.

சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் மேடு. ஏறுகிற காருக்குப் பிரேக் எதற்கு? ஒன்றும் தெரியவில்லை. மேலே போய் நிறுத்தும்போது மட்டும் இவர் காலை மூன்று நாலு தரம் அடித்து அடித்து மிதித்தார். கார் நின்றது. இவர் என் பக்கம் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்.

"பிரேக் கீழே போறது. பம்ப் பண்ணினா வரது."

"அப்படின்னா?"

"குளிருக்கு ரப்பர் கொஞ்சம் இறுகியிருக்கும். நடக்கிற வேகத்திலேதானே போகப்போறோம்."

அதற்கு மேல் பேச நேரமில்லை. மாப்பிள்ளை ரகு சூட்டும் மாலையுமாக வந்துவிட்டார். நாக்பூர்ப் பையன், பேங்க் உத்தியோகம், அதிகம் பேசாத சுபாவம். பின் சீட்டில் அவரை உட்கார வைத்ததும், இரண்டு வீட்டுக் குழந்தைகளும் மொத்தமாக அவர் மேல் பாய்ந்து ஏறின. இடம் கிடைக்காதவை ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டன. முன் சீட்டில் நான். என் மடியில் எங்கள் மாடிவீட்டு சோப்ராவின் சின்னப் பெண். நாயனக்காரர் சீவாளியைச் சரிசெய்தார். தவில் ஒரு தட்டு தட்டியது.

இப்போது நிறுத்தலாமா? எல்லோரையும் இறங்கச் சொல்லலாமா? சம்பந்தி மாமி காருக்குப் பக்கத்திலேயே, சால்வையைப் போர்த்திக்கொண்டு, முகம் மலர நின்றுகொண்டிருந்தார். அவரிடம் என்னவென்று சொல்வது? பயம் ஒரு பக்கம் இழுக்கிறது, மரியாதை இன்னொரு பக்கம் இழுக்கிறது. நம் ஜனங்களிடம் எப்போதும் மரியாதைதான் ஜெயிக்கும். கார் நகர்ந்தது.

கோயிலை விட்டு முதல் திருப்பம் வரை ரோடு சமதளம். அதற்குப் பிறகு இறக்கம். பகலில் காய்கறி வாங்கப் போகும்போது அது இறக்கம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அன்றைக்குக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

முன்னால் விளக்குக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் நாயனம், தவில். எங்கள் பம்பரிலிருந்து எட்டித் தொடும் தூரத்தில் தவில்காரரின் முதுகு. போதாக்குறைக்கு எங்கள் சோப்ரா தம் பரிவாரத்துடன் வந்து சேர்ந்தார். அவரைப் பொறுத்தவரை இது ஒரு பராத், பஞ்சாபி மாப்பிள்ளை ஊர்வலம். பராத் என்றால் காருக்கு முன்னால் ஆட வேண்டும். நாயன வாசிப்புக்கு பாங்க்ரா ஆடுகிற அதிசயத்தை ஆர்.கே.புரத்தில்தான் பார்க்க முடியும். கைகளைத் தூக்கிக்கொண்டு, காரைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்து நடந்து ஆடினார்கள்.

இறக்கம் ஆரம்பித்ததும் இவர் கால் வேலை செய்வதைப் பார்த்தேன். மிதித்தார். மிதித்தார். மறுபடி மிதித்தார். பெடல் தரையில் போய் இடிக்கும் சத்தம் கேட்டது. 'டக்' என்று. வெறும் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. அது மேலே வரவே இல்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கார் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. சக்கரத்தில் ஒழுகிய எண்ணெய் அதையும் நனைத்திருக்கிறது என்று பிற்பாடு சொன்னார்கள்.

"போயிடுத்து," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குளிரில் அவர் நெற்றியில் வியர்வை.

எஞ்சினை அணைத்து, முதல் கியரிலேயே விட்டார். கார் ஒரு குலுக்கல் குலுக்கி, நின்றது போல நின்று, மறுபடி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அத்தனை பேரின் கனம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தவில்காரரின் முதுகு இன்னும் கிட்டே வந்தது.

நான் பின்னால் திரும்பினேன்.

"மாப்பிள்ளை, குழந்தைகளைப் பிடிச்சுக்கோங்கோ. கார்லே பிரேக் இல்லே."

ரகு என் கண்ணை ஒரு தரம் பார்த்தார். என்ன, ஏன் என்று கேட்கவில்லை. மாலையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, ஃபுட்போர்டில் நின்ற குழந்தைகளை இரண்டு பக்கமும் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தார். "எல்லாரும் கீழே உட்காருங்கோ. எழுந்துக்கப்படாது. ஒரு விளையாட்டு," என்றார். என் மடியில் இருந்த குழந்தையை அவரிடம் கொடுத்தேன்.

இவர் ஹாரனை அமுக்கினார். 'பாம்... பாம்...' முன்னால் இருந்தவர்களுக்கு உற்சாகம் கூடிவிட்டது. ஹாரனுக்கும் சேர்த்து ஆடினார்கள்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்து எழுந்தேன். புடவைத் தலைப்பு கைப்பிடியில் மாட்டிக்கொண்டது — அம்பாலாவிலிருந்து வந்த அதே ஒரிஜினல் கைப்பிடி. இழுத்தேன். பட்டு கிழிகிற சத்தம் கேட்டது. ஓடினேன்.

கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். தவிலுக்கு முன்னால் மனுஷக் குரல் எங்கே எடுபடும்? தவில்காரரின் தோளைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஓரமாகத் தள்ளினேன். பாவம், அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனசில் இருக்கிறது. நாயனக்காரர் தானே விலகினார். சோப்ரா விலகவில்லை. நானும் ஆட வந்துவிட்டேன் என்று நினைத்து, சந்தோஷமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரேக் நஹீ ஹை, பாயி சாப். பிரேக் நஹீ ஹை."

"பில்குல் நஹீ, பாபீஜி," என்று சிரித்தார். "ஆஜ் கோயி பிரேக் நஹீ."

இன்றைக்கு இடைவேளையே கிடையாது, ஆடிக்கொண்டே இருப்போம் என்கிறார். என் முதுகுக்குப் பின்னால் கார் குலுங்கிக் குலுங்கி வருவது எனக்குக் கேட்கிறது. என் மொழி எதுவும் எனக்கு உதவவில்லை. அவர் மார்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். அவர் தடுமாறிப் பின்னால் போய், அப்போதுதான் கார் வருகிற விதத்தைப் பார்த்தார். காருக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு கையாலும் தன் ஆட்களை வாரி ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

வழி கிடைத்ததும் இவர் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தார். டெல்லியில் எந்த ரோட்டு ஓரத்தில் ஜல்லிக் குவியல் இல்லை? பி.டபிள்யூ.டி. கொட்டிவிட்டு மறந்துபோன குவியல் ஒன்று விளக்குக் கம்பத்தை ஒட்டிக் கிடந்தது. கார் நடைபாதை விளிம்பில் ஏறி இடித்து, ஜல்லிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கம்பத்தில் மோதிய இடது ஹெட்லைட் உடைந்து, கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது.

அதற்குப் பிறகு வந்த அமைதி இருக்கிறதே... ஓடியபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. நாயனம் நின்றுவிட்டது. குழந்தைகளின் குரல் கேட்கவில்லை. ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. நான் காரைப் பார்த்து நடக்கிறேன்.

பின் சீட்டிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "ரகு மாமா, இப்போ எழுந்துக்கலாமா?"

"எழுந்துக்கலாம்," என்றார் ரகு.

ஒரு குழந்தைக்கு முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றுமில்லை. எண்ணிப் பார்த்தேன். திரும்ப எண்ணினேன்.

அதற்குள் சம்பந்தி மாமி வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. காரைப் பார்த்தார், கீழே கிடந்த கண்ணாடியைப் பார்த்தார், பிள்ளையின் கழுத்தில் மாலை இல்லாததைப் பார்த்தார். "ஜானவாசத்திலே மாப்பிள்ளை பாதி வழியிலே இறங்கறதாவது?" என்று ஆரம்பித்தார். அண்ணா பக்கத்தில் கைகட்டி நின்றான். சுதாவின் கல்யாணம் அந்த ஜல்லி மேட்டில் வந்து நின்றது என்றே எனக்குத் தோன்றியது.

ரகு கீழே இறங்கிக் காலை உதறினார். "கால் மரத்துப்போச்சும்மா. இத்தனை பேரை மடியிலே வெச்சிண்டா மரத்துப்போகாதா? ஹால் இதோ தெரியறதே. நடந்தே போலாம்," என்றார். மாலையை எடுத்துத் தட்டி, தானே போட்டுக்கொண்டார். சோப்ராவின் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டார். நாயனக்காரரைப் பார்த்து, "வாசிங்கோ," என்றார்.

வாசித்தார்கள். மாப்பிள்ளை நடந்தார். கொஞ்ச நேரம் கழித்து மாமியும் நடந்தார். காரில் பிரேக் போனதைப் பற்றி ரகு அன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் மட்டும் பின்தங்கினேன். இவர் காரை விட்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. "வாங்கோ," என்றேன். "கை வரலை," என்றார். நிஜமாகவே வரவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"யாருக்காவது..."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லே."

சற்றுப் பொறுத்து மறுபடி, "யாருக்காவது..." என்றார். ஹால் வாசல் வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தார். உடைந்த ஹெட்லைட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் சர்தார்ஜி பின் சக்கரத்தைக் கழற்றினார். அந்த ஒரிஜினல் ரப்பரை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்தார். மேலே பார்த்தால் அதே பளபளப்பு, அதே முத்திரை. இவர் விரலால் லேசாக மடக்கினார். அப்பளம் மாதிரி உடைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நான் குக்கரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் வேண்டாமென்று தோன்றியது.

அன்றிலிருந்து இந்த யோசனை என்னை விடவில்லை. டூப்ளிகேட் என்று தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? தட்டிப் பார்க்கிறோம், இழுத்துப் பார்க்கிறோம், முகர்ந்துகூடப் பார்க்கிறோம். சந்தேகம் இருக்கிற இடத்தில் ஜாக்கிரதையும் இருக்கிறது. ஒரிஜினல் என்று ஒரு முத்திரை இருந்துவிட்டால் கேள்வியே கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு குழந்தைகளை ஏற்றிவிடுகிறோம். பாகத்துக்கு மட்டுமா? 'பெரிய இடம்', 'பழைய குடும்பம்', 'ஃபாரின் மால்' — எத்தனை டப்பாக்களை நாம் சீலை மட்டும் பார்த்து நம்பியிருக்கிறோம்? துருப்பிடித்ததைக் கண்டு எனக்கு இப்போது பயமில்லை. பளபளப்பதைக் கண்டால்தான் பயம்.

இவர் காஷ்மீரி கேட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பிரேக் ரப்பர் கேட்டதும் கடைக்காரர் இவரை அடையாளம் கண்டுகொண்டு, உள்ளேயிருந்து தூசி படிந்த ஒரு பொட்டலத்தைப் பெருமையோடு எடுத்து வந்தார். "ஏக்தம் புரானா, சாப். அஸ்லி."

"புரானா நஹீ சாஹியே," பழசு வேண்டாம் என்றார் இவர். "போன மாசம் செஞ்சது இருந்தா கொடு."

கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி ஊர்வலத்துக்கும் போனோம். போக வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஒரு வழியாக ஒப்புக்கொண்டேன். முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முருகா முருகா என்று வந்தேன். வெள்ளை மீசை வைத்த ஒரு ஜட்ஜ் வந்தார். இடது ஹெட்லைட்டைத் தட்டிப் பார்த்து, டெல்லிச் சரக்கு என்று கண்டுபிடித்து, எதையோ குறித்துக்கொண்டார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தார்.

"பிரேக்காவது ஒரிஜினலா?"

"இல்லை, சார்," என்றார் என் கணவர். "ஆனா பிடிக்கும்."

பரிசு வீட்டுக்கு வரவில்லை. நாங்கள் வந்தோம்.